மொறைக்கிற அம்மா தொதல்

திருவல்லிக்கேணி, சென்னை
6-2-1955

அன்புள்ள குல்சும் லாத்தாவுக்கு,

ஸலாம். நான் நலம். உம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்தது. ரூமில் இருக்கும் மற்ற மூவருக்கும் அது முதலில் வந்து சேர்ந்தது. எனக்கு ஜாடி கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலோடு என் சித்திரப் படிப்பு முடிகிறது. மவுண்ட் ரோட்டில் பிரதாப் பப்ளிசிட்டி என்று ஒரு விளம்பரக் கம்பெனி இருக்கிறது. அங்கே வேலை கேட்டுப் போனேன். மானேஜர் என் படங்களைப் புரட்டினார். ரோஜாப்பூ, மாட்டு வண்டி, மண் பானை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் வாத்தியாருக்காக வரைஞ்சது. கடையில வித்த சரக்குக்கு நீ வரைஞ்ச லேபிள் ஒண்ணு கொண்டு வா. சரக்கு வித்ததுன்னு கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டும் வேணும். ஜூன் ஆறாம் தேதி பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

வாப்பா கொழும்பிலிருந்து எழுதியது உங்களுக்குத் தெரியும். ஜூன் முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் நான் கப்பலேறி அவருடைய குடைக் கடையில் உட்கார வேண்டும். எனக்குக் குடைகள் மீது எந்தப் பகையும் இல்லை, லாத்தா. ஆனால் ஐந்து வருஷம் வர்ணம் குழைக்கப் படித்துவிட்டு, ஆயுள் முழுக்கக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல் ராமநாதபுரம் அரண்மனை வாசலில் கூத்தையா கடையில் விற்கிறது. தகர டப்பாவில் பழைய செய்தித்தாளைச் சுற்றி விற்கிறார்கள். அதற்கு நான் லேபிள் வரைந்து தருகிறேன். சிவகாசியில் இரண்டாயிரம் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

மாதிரி இதனுடன் இருக்கிறது. வெள்ளைத் தாளில் கீழே வலது மூலையில் ஒரு சின்னப் பனைமரம், அதன் அடியில் சின்ன எழுத்தில் 'தொதல்'. மீதி முழுவதும் வெற்றிடம். இன்றைய நாகரிகம் இதுதான். கண் ஓய்வெடுக்க இடம் வேண்டும் என்பார்கள்.

உங்கள் தம்பி,
ஹமீது சுல்தான்

*

கீழக்கரை
15-2-1955

அன்புத் தம்பி சுல்தானுக்கு லாத்தா எழுதுவது.

கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால் தூங்கப் போகலாமே, தொதல் டப்பாவை எதற்குப் பார்க்க வேண்டும்? இத்தனை வெற்றிடம் வைத்தால் டப்பாவுக்குள்ளும் பாதி காலி என்றல்லவா சனங்கள் நினைப்பார்கள்? உம்மா உன் மாதிரியைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு மை தீர்ந்து போச்சாம்மா?" என்று கேட்டார்கள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாமாவிடம் கொடுத்துக் கூத்தையாவிடம் காட்டச் சொன்னேன். என் மாமனார்தான் வாரம் ஒரு தடவை டப்பாக்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார் என்பது உனக்குத் தெரியாது. என் மாமியாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவர் பஸ்ஸிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

கூத்தையா சொன்னாராம்: "பொம்பள படம் இல்லாத இனிப்பு எங்கன விக்கும்? என் கடைக்கு வர்றவுகள்ல முக்காவாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மயில் டப்பா குடு, கிளி டப்பா குடுன்னுதான் கேப்பாக. ஒரு பொம்பளைய வரையச் சொல்லுங்க. துடுப்பப் பிடிச்சுக் கிண்டிக்கிட்டு இருக்கணும்."

ஆகவே ஒரு பொம்பளையை வரை. பெரிதாக வரை.

மாமி இன்னும் என்னோடு பேசவில்லை. போன பெருநாளைக்கு மாமா என் தொதலை வாயில் போட்டுவிட்டு, "நம்ம வீட்டுதவிட குல்சும் கிண்டினது தேவல" என்று சொல்லிவிட்டார் அல்லவா? அவர் சொன்னதற்கு எனக்குத் தண்டனை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டில் நின்றுகொண்டு கோழியிடம் பேசுகிறார்: "நீயும் முட்டை போட்டுட்ட, பெரிய ஆளுன்னு நெனப்பு, என்ன?" கோழிக்குச் சொல்வது எனக்கு என்று கோழிக்கும் தெரியும். உன் மச்சான் கொழும்பில் வாப்பா கடையில் நிம்மதியாக இருக்கிறார். தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவே கடல் இருக்கட்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

உன் லாத்தா,
குல்சும்

*

திருவல்லிக்கேணி
4-3-1955

அன்புள்ள லாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் குடைக் கடை ஞாபகம் வந்தது. பொம்பளையை வரைந்துவிட்டேன்.

கையை ஒரே மூச்சில் வரைந்தேன், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முகம்தான் பாடாய்ப் படுத்தியது. பத்து முகம் வரைந்தேன். ஒன்பதும் சோப்பு விளம்பரத்தில் சிரிப்பதுபோலச் சிரித்தன. தொதல் கிண்டுகிறவள் நாலு மணி நேரம் அடுப்புப் புகையில் நிற்கிறாள், அவளுக்கு என்ன சிரிப்பு? பத்தாவது முகம் தானாக வந்தது. எங்கள் வாத்தியார் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. ஒரு கோடுகூட மாத்தாதே" என்றார். அது யாருடைய முகமும் இல்லை. முழுக்கக் கற்பனை.

பார்சல் சிவகாசியிலிருந்து நேராகக் கூத்தையா கடைக்குப் போய்விடும். டப்பாக்கள் அங்கேதானே இருக்கின்றன, அவர் ஆள் வைத்து ஒட்டிக்கொள்ளட்டும். மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
சுல்தான்

*

கீழக்கரை
12-4-1955

அட பாவி!

ஸலாம் பிறகு சொல்லிக்கொள்கிறேன். நேற்று லத்தீபா மச்சி வீட்டில் மௌலூது ஓதினார்கள். ஓத வந்தவர்களுக்குத் தப்ரூக் கொடுக்க ராமநாதபுரத்திலிருந்து பத்து டப்பா தொதல் வாங்கி வந்திருந்தார்கள். நான் கிண்டிய தொதலை அரண்மனை வாசலுக்கு அனுப்பி, அங்கே விலை கொடுத்து வாங்கி, மறுபடி என் ஊருக்கே கொண்டு வந்திருக்கிறார்கள். அது தனிக் கதை. லத்தீபா மச்சி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "அடியே, இது உன் மாமியாடி!" என்றாள்.

உடனே பத்து டப்பாவும் நாற்பது பெண்கள் கைக்குப் போய்விட்டது. அதே புருவம். அதே உதடு. கோழியிடம் பேசும்போது இடது கண்ணைச் சுருக்குவார்களே, அதுகூட அப்படியே இருக்கிறது. சுலைகா மாமி என்று அடியில் எழுதவில்லை, அவ்வளவுதான் பாக்கி!

உனக்குப் புரிகிறதா? மாமி கோஷாவை விட்டு வெளியே வந்தவர் இல்லை. ஒரு போட்டோ எடுத்ததில்லை. மாமா இருபது வருஷம் கொழும்பில் இருந்தபோது ஒரு படம் அனுப்பு என்று கெஞ்சிக் கெஞ்சி எழுதினாராம், "எம் மொகத்த தபால்காரன் பாக்கவா?" என்று மறுத்தவர். அந்த முகம் இப்போது அரண்மனை வாசலில் கருவாட்டுக்கும் வெல்லத்துக்கும் நடுவே இருக்கிறது!

நீ பத்து வயதுக்கு மேல் அந்த வீட்டு உள்கட்டுக்குள் போனதே கிடையாது. எப்படி வரைந்தாய்? என் மீது உனக்கு என்ன கோபம்? கூத்தையாவிடம் சொல்லி எல்லா லேபிளையும் கிழித்துவிடப் போகிறேன்.

குல்சும்

*

திருவல்லிக்கேணி
19-4-1955

அன்புள்ள லாத்தாவுக்கு,

சத்தியமாக அது கற்பனை. உங்கள் கடிதம் வந்ததும் லேபிளை எடுத்துப் பார்த்தேன். கற்பனைதான் என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னை அறியாமல் எழுந்து நின்றேன்.

எனக்கு எட்டு வயது. மாமி வீட்டில் பெருநாளைக்கு வெள்ளையடித்த சுவர் பளீரென்று இருந்தது. நான் அடுப்புக் கரியை எடுத்து அதில் ஒரு கப்பல் வரைந்தேன். பாய்மரம் முடித்துக் கொடி கட்டப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கையில் தொதல் துடுப்போடு மாமி நின்றிருந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். லாத்தா, நான் அவரைப் பார்த்ததை வரையவில்லை. அவர் என்னைப் பார்த்ததை வரைந்திருக்கிறேன்.

தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள். வேறு லேபிள் அடிக்க என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. ஏன் இல்லை என்று உம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஜூன் ஆறாம் தேதி வரை பொறுங்கள். யோசித்துப் பாருங்கள்: மாமியை வெளி ஆண்பிள்ளை எவனும் பார்த்ததில்லை. ஆகவே அரண்மனை வாசலில் அது யாரோ ஒரு பொம்பளை. தெரிந்தவர்கள் எல்லாம் பெண்கள். பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

சுல்தான்

*

கீழக்கரை
3-5-1955

தம்பிக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு தொதல் கிண்டுகிறேன். நாக்கில் வைத்துப் பார்க்கக்கூட முடியாது. வாசனையை வைத்தே பதம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்.

பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்றாயே, சொல்லவில்லைதான். ஆளுக்கொரு டப்பா வாங்கி வரச் சொல்லிப் புருஷனை அனுப்புகிறார்கள்! எதற்கு என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டிலேயே கிண்டுகிற தொதலுக்கு எதற்கு ராமநாதபுரம் போக வேண்டும் என்று ஆண்பிள்ளைகள் கேட்கிறார்கள். "டப்பாவோட வேணும்" என்று பதில். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு பஸ் ஏறுகிறார்கள். ஏர்வாடியிலிருந்து ஒரு கிழவி வந்து, தனக்கும் சுலைகாவுக்கும் சிறுவயதில் சண்டை என்று சொல்லி மூன்று டப்பா கேட்டாள். அபிராமம் சந்தைக்கு வேறு கூத்தையா அனுப்புகிறாராம். அங்கே மாமியை யாருக்கும் தெரியாது, ஆனாலும் விற்கிறதாம். "மொறைக்கிற அம்மா தொதல்" என்றே பெயராகிவிட்டது.

மாமி ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டப்பாவை ஒளிக்கிறார்கள். மாமா நிலைதான் எனக்குப் புரியவில்லை. லேபிள் ஒட்டிய முதல் நாளே அவர் பார்த்திருக்கிறார். ஊரிலேயே அந்த முகத்தைத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தானே? ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூத்தையாவிடம் ஒரு காலி டப்பாவை மட்டும் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டாராம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பெருநாளைக்கு எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போவார்கள். மாமிக்குத் தெரிந்தால், பேசாமல் இருப்பது ஆயுளுக்கும் ஆகிவிடும். தன்னைக் கேலி செய்ய நானே வரையச் சொன்னேன் என்றுதான் நினைப்பார். எனக்கு அவரோடு சண்டை வேண்டாம், சுல்தான். தொதல் கிண்டவே அவர்தான் கற்றுக்கொடுத்தார். கோழி வழியாக எத்தனை நாள் திட்டு வாங்குவது? நேராகத் திட்டினால் போதும் என்று ஏங்கிப் போயிருக்கிறேன்.

கடையில் மீதி இருக்கும் ஆயிரம் லேபிளை வரவழைத்து அடுப்பில் போடப்போகிறேன். கூத்தையாவிடம் சீட்டும் கேட்க மாட்டேன். நீ குடை விற்கலாம். குடையில் யார் முகமும் இல்லை.

குல்சும்

*

போஸ்ட் கார்டு
8-5-1955

லாத்தா, கார்டு என்பதால் எல்லாரும் படிப்பார்கள், ஜாடையாக எழுதுகிறேன். அந்தப் "பெரிய கப்பலை" அடுப்பில் போட வேண்டாம். அவசியமென்றால் கப்பலின் முன்பக்கத்தை மட்டும் கத்தியால் சுரண்டிவிட்டு, துடுப்புப் பிடித்த கையை விட்டுவிடுங்கள். கை இருந்தாலே எனக்கு வேலை கிடைக்கும். குடை மழைக்கு மட்டும்தான் நல்லது. நோன்பு வைத்துக்கொண்டு கேட்கிறேன். சுல்தான்.

*

கீழக்கரை
26-5-1955

அன்புத் தம்பிக்கு,

உன் கார்டைத் தபால்காரர் உம்மாவிடம் கொடுத்து, "உங்க புள்ள கப்பல் வாங்கியிருக்காப்லயா?" என்று கேட்டாராம். நல்ல ஜாடை!

பெருநாள் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

மாமாவுக்குப் புதுக் கைலி எடுத்துக் கொடுக்க மாமி அவருடைய கொழும்புப் பெட்டியைத் திறந்திருக்கிறார். அடியில், துண்டில் சுற்றி, டப்பா. தொழுகை முடிந்து மாமா வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அவர் முன்னால் வைத்திருக்கிறார். மாமா சொன்னாராம்: "கொழும்புல இருபது வருசம் இல்லாதது இப்ப கெடைச்சுச்சு. எடுத்து வச்சுக்கிட்டேன். தப்பா?"

மாமி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் நின்றேன். டப்பாவை என் முன்னால் நீட்டினார்.

"மொகம் என்னுது. கை யாருது?"

நான் அந்தப் படத்தில் முகத்தைத்தான் பார்த்தேனே தவிர, கையைப் பார்த்ததே இல்லை. மாமி என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். மணிக்கட்டுக்கு மேலே கொதிக்கும் பாகு பட்ட தழும்பு இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையாக ஊதிவிட்டாயே, அது. படத்திலும் அதே இடத்தில் அதே தழும்பு. சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருப்பதும் அப்படியே.

"எம் மொகத்தக் கொண்டுபோயி ஒங் கையில வச்சிருக்கான் ஒந் தம்பி" என்றார். நான் அழுதுவிட்டேன். அடிப்பார் என்று நினைத்து அழுதேனா, பேசிவிட்டாரே என்று அழுதேனா, இன்னும் தெரியவில்லை.

"அழுவாத. துடுப்ப இப்பிடியா பிடிக்கிறது? நான் ஒனக்கு இப்பிடியா சொல்லிக் குடுத்தேன்? இப்பிடிப் பிடிச்சா அடி பிடிச்சுரும். படத்தப் பாத்த பொம்பளைக எல்லாம் சுலைகா மருமகளுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியலம்பாக. தள்ளு."

துப்பட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு துடுப்பை வாங்கினார். பொழுது சாய்ந்து மஃரிப் வரை இருவரும் மாற்றி மாற்றிக் கிண்டினோம். கோழியிடம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நேரிலும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. எனக்கு அத்தனை சந்தோஷம்.

லேபிள் இருக்கலாம் என்று உத்தரவு. இரண்டு நிபந்தனை. ஒன்று, முகம் யாருடையது என்று எந்த ஆண்பிள்ளைக்கும் நீ சொல்லக்கூடாது. உன் மச்சானுக்கும் சேர்த்து. இரண்டு, அடுத்த அச்சில் துடுப்பைச் சரியாகப் பிடித்து வரைய வேண்டும். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி மாத்தச் சொல்லவா, மாமி?" என்று கேட்டேன். "சிரிச்சா யாரு வாங்குவா?" என்றார்.

கூத்தையாவின் சீட்டை மாமா வாங்கி வந்தார். அதை இதனுடன் வைத்திருக்கிறேன். நீ படிக்காமலே கொண்டுபோய்விடுவாய் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்: "மேற்படி தொதல் ரெண்டு மாசத்தில் ஆயிரத்து எரநூறு டப்பா வித்தது உண்மை. மத்த டப்பாப் பொம்பளைக எல்லாம் பல்லைக் காட்டி வாங்கச் சொல்றாக. இந்த அம்மா, நீ வாங்குனா வாங்கு, வாங்காட்டிப் போன்னு மொறைக்குது. இது வீட்டுல கலப்படம் நடக்காதுன்னு சனம் நம்புது. இப்படிக்கு, கூத்தையா."

துஆச் செய்கிறோம். மாமியும் செய்கிறார், தனக்கு அதில் அக்கறை இல்லை என்று சொல்லிக்கொண்டே.

லாத்தா

*

திருவல்லிக்கேணி
8-6-1955

அன்புள்ள லாத்தாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது! அல்ஹம்துலில்லாஹ்! வாப்பாவுக்கும் எழுதிவிட்டேன். என் இடத்தில் வேறு யாராவது குடை விற்கட்டும்.

மானேஜர் ரோஜாப்பூவைப் பார்க்கவே இல்லை. லேபிளை மேஜை மீது வைத்தார். கூத்தையாவின் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு லேபிளைப் பார்த்தார். லேபிளும் அவரைப் பார்த்தது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "யாருப்பா இது?" என்றார். நிபந்தனை ஞாபகம் வந்தது. "கற்பனை சார்" என்றேன். "கற்பனைக்கு இப்படி முறைக்க வராதே" என்றார். "கையாவது யாருது?" என்று கேட்டார். அதற்கு நிபந்தனை இல்லை. "என் லாத்தா கை" என்றேன். அந்தத் தழும்பை நான் தெரிந்து வரையவில்லை, லாத்தா. கை என்றால் எனக்கு அது ஒன்றுதான் வரும்போலிருக்கிறது.

திங்கட்கிழமை முதல் வேலை. ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு டப்பா வரைய வேண்டும். அதிலும் ஒரு பெண்மணி வேண்டுமாம். நாட்டுப்புறமாக இல்லாமல், நாகரிகமாக, லேசான புன்சிரிப்போடு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யார் முகத்தை வரைவது என்று தெரியவில்லை. லத்தீபா மச்சிக்கு நல்ல முகவெட்டு. அவரை நினைத்துக்கொண்டு வரையலாமா என்று யோசிக்கிறேன். இதை மாமியிடம் சொல்ல வேண்டாம்.

சுல்தான்

*

கீழக்கரை
15-6-1955

தம்பிக்கு,

ஊரெல்லாம் சந்தோஷம். உம்மா அழுதார்கள். மாமா உன் கடிதத்தை ஊருக்கே படித்துக் காட்டினார்.

ஊரில் மாமியும் இருக்கிறார்.

கடைசிப் பத்தி வந்ததும் அவர் முறத்தை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு தெரு தள்ளி லத்தீபா மச்சி வீட்டுக்கு நேராகப் போய், அவள் முகத்தைக் கிட்டத்தில் நின்று உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். லத்தீபா மச்சி அதிலிருந்து காய்ச்சலில் படுத்திருக்கிறாள். மாமி இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடியையும் கொண்டு வரச் சொல்லிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"பிஸ்கோத்துக்கு வேற ஆளு தேட வேணாம்னு எழுது. புன்சிரிப்புத்தான வேணும்? நான் சிரிச்சு அவன் பாத்ததில்ல. ஊருக்கு வரச் சொல்லு, ஒரு தடவ சிரிச்சுக் காட்டுறேன்."

உன் லாத்தா,
குல்சும்